குதிகால் வலி இருந்தாலும் சேலைக்கு ஏற்ற நல்ல செருப்பு போட முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். வயது 43, பள்ளி ஆசிரியை, நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் எடுக்கிறீர்கள். எட்டு மாதமாகக் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றியதும் இடது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி, பத்து நிமிஷம் நடந்தால் குறைகிறது, சாயங்காலம் திரும்ப வருகிறது. எக்ஸ்ரே பார்த்து "முள் வளர்ந்திருக்கு" என்றார்கள். மெடிக்கலில் கொடுத்த நீலக் கலர் செருப்பைச் சேலைக்குப் போட மனசு வரவில்லை. தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம் வேறு வருகிறது. வலியும் குறைய வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், அப்படி ஒரு செருப்பு இருக்கிறதா?

இருக்கிறது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் பிரிவில் 19 வருஷம் வேலை பார்த்தவள், அந்த சிமென்ட் தரையில் நின்று நின்றே எனக்கும் இதே வலி வந்து ஒன்றரை வருஷம் பட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடம் எது என்பதைக் கீழே சொல்கிறேன், அதைத் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். செருப்போ ஷூவோ, மேல்பாகம் தனி, அடிப்பாகம் தனி. அப்பர் ஒரு பிரிவில் வெட்டித் தைக்கப்படுகிறது, சோல் வேறு இடத்திலிருந்து வருகிறது, கடைசியில்தான் இரண்டையும் ஒட்டுகிறார்கள். நீங்கள் அழகு என்று சொல்வது பெரும்பாலும் அப்பரில் இருக்கிறது: தோலின் நிறம், வாரின் வளைவு, பக்கிள், தையல். உங்கள் குதிகாலைப் படுத்துவது அடிப்பாகம். ஆகவே "அழகாக இருந்தால் வலிக்கும், வலிக்காமல் இருந்தால் அசிங்கமாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிப்பாகத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்மேல் இருக்கும் அழகைத் தேடினால் போதும். பெரும்பாலானவர்கள் கடையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அடிப்பாகத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிய, வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, பிளான்டர் ஃபேஷியா என்பார்கள். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்குகிற அந்த நொடியில், கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுகிற மாதிரி இந்தப் பட்டை விரல்களின் அடியில் சுற்றி இறுகுகிறது. பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிப்பது அந்த இறுக்கம்தான். வருஷக்கணக்கில் கடினத் தரையில் நின்றால், எடை கூடினால், கெண்டைக்கால் தசை இறுகிப்போனால், பட்டை எலும்போடு ஒட்டுகிற இடம் நைந்துபோகிறது. ராத்திரி முழுக்கப் பாதம் தொய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியே இருக்கிறது, காலையில் முழு எடையும் ஒரேயடியாக ஏறும்போது சுரீர் என்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, அதிலும் 40 முதல் 60 வயதுக்குள் அதிகம்.

அந்த "முள்" பற்றிப் பயப்பட வேண்டாம். குதிகாலில் முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், முள் இல்லாமல் வலிப்பவர்களும் இருக்கிறார்கள். அது குத்துவதால்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாதத்தை ஊன்றவே பயந்து விரலில் நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் இன்னும் இறுகும். நான் அந்தத் தப்பைச் செய்தேன், மூன்று மாதம் வீணாயிற்று.

சரி, செருப்புக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் செய்வது கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. மெத்தென்று அமுங்கினால் "நல்லா இருக்கு" என்று வாங்கிவிடுவோம். இங்கேதான் ஏமாறுகிறோம். மெமரி ஃபோம் போட்ட செருப்பு கடையின் கார்ப்பெட்டில் இரண்டு நிமிஷம் சொர்க்கமாக இருக்கும். ஒரு மாதத்தில் குதிகால் விழுகிற இடம் தட்டையாக நசுங்கிப்போய், உங்கள் எலும்புக்கும் தரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது மேலே ஒரு மெல்லிய மெத்தை, அதற்கு அடியில் அசையாத உறுதி.

கையில் எடுத்து இப்படிச் சோதியுங்கள். முன்னையும் பின்னையும் பிடித்து மடக்கினால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் மடிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நல்ல ஷூவில் நடுப்பகுதிக்குள் ஷேங்க் என்று ஒரு உறுதியான பட்டி வைப்போம், அது மடங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம், விலை குறைக்க முதலில் எடுக்கப்படுவதும் அதுதான். அடுத்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள், கொஞ்சம்தான் முறுகலாம். ஷூவாக இருந்தால் பின்பக்கக் குதிகால் சுவரை அழுத்துங்கள், காகிதம் மாதிரி உள்ளே போகக் கூடாது. கடைசியாக மேஜைமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். விரல் பக்கம் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் நல்லது, நீங்கள் காலை உருட்டி எடுத்து வைக்கும்போது விரல்கள் குறைவாக மடங்கும், ராட்டினக் கயிறு குறைவாக இறுகும்.

உயரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "குதிகால் வலியா, உடனே ஹீல்ஸை விட்டுவிட்டு ஃபிளாட் போடு" என்பார்கள். தட்டைச் செருப்பு, கோலாப்புரி, ஜூத்தி, பாலே ஷூ, ஹவாய் செருப்பு எல்லாம் இந்த வலிக்கு மோசமானவை. குதிகால் முன்பாதத்தை விட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கெண்டைக்காலும் பட்டையும் கொஞ்சம் தளர்கின்றன. அதனால் தாழ்வான வெட்ஜ், அதாவது முன்னாலிருந்து பின்னால் வரை இடைவெளி இல்லாமல் ஒரே கட்டையாக உயரும் அடிப்பாகம், உங்களுக்கு நண்பன். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் எடையில் பெரும்பகுதி முன்பாதத்துக்குப் போய் வேறு வலி ஆரம்பிக்கும், நாளாவட்டத்தில் கெண்டைக்கால் தசையும் குறுகிவிடும். பென்சில் ஹீல் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பின்வார். வெறுமனே நுழைத்துப் போடுகிற செருப்பில் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பிடிக்கின்றன. நமக்கே தெரியாது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அந்தப் பிடி விழுகிறது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருந்தால் பாதம் அந்த வேலையிலிருந்து விடுபடுகிறது. வகுப்பறையில் நாள் முழுக்க நிற்கிற உங்களுக்குப் பின்வார் இல்லாத செருப்பை நான் சொல்லவே மாட்டேன்.

இப்போது அழகு. தாழ்ந்த வெட்ஜும் பின்வாரும் சேர்ந்தால் பாட்டி செருப்பு மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள், தெரிகிறது. பேட்டர்ன் வெட்டியவளாகச் சொல்கிறேன், சோல் கனமாகத் தெரிவது பெரும்பாலும் தடிப்பால் இல்லை, நிறத்தால். அப்பர் ஒரு நிறம், சோல் வெள்ளை அல்லது பளிச் கறுப்பு என்று வெட்டித் தெரிந்தால் கட்டை மாதிரி இருக்கும். வெட்ஜின் பக்கங்களும் அப்பர் தோலாலேயே சுற்றப்பட்டிருந்தால், அல்லது கார்க் நிறத்தில் இருந்தால், அதே உயரம் பாதியாகத் தெரியும். பாதத்தின் நிறத்தை ஒட்டிய டேன், தேன் நிறம், பழுப்புத் தங்கம் இவை காலை நீளமாகக் காட்டும். ஒரே ஒரு அகல வாருக்குப் பதில் குறுக்கே பின்னிய இரண்டு மூன்று நடுத்தர வார்கள் பிடியும் தரும், பார்க்கவும் லேசாக இருக்கும். பருத்திச் சேலைக்கு டேனும் மெரூனும் ஒரு வருஷம் முழுக்க ஓடும். சேலையின் கீழ்க்கரை இறங்கி நிற்பதால் மூன்று சென்டிமீட்டர் வெட்ஜ் வெளியே தெரிவதே கொஞ்சம்தான், ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு சேலை கட்டுங்கள், கழற்றி வைத்துக் கட்டினால் கரை தூக்கிக்கொண்டு நிற்கும். சுடிதார் போடும் நாட்களில் மேலே ஒரு வார் வைத்த மேரி ஜேன் ஷூ நல்ல தேர்வு, அதில் உள்ளே இன்சோல் வைக்கவும் இடம் இருக்கும். சேலைக்கு ஸ்னீக்கர் போட்டு வருகிறவர்களை இப்போது எல்லா ஊரிலும் பார்க்கிறேன், உங்கள் பள்ளியில் ஒத்துவந்தால் வலிக்கு அதைவிட நல்லது இல்லை.

எந்த பிராண்ட் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பிராண்டில் இரண்டு மாடல்கள் இரண்டு வேறு லாஸ்டில் செய்யப்பட்டிருக்கும். லாஸ்ட் என்றால் செருப்பு எந்த அச்சின்மேல் இழுத்துச் செய்யப்படுகிறதோ அந்தக் கால் அச்சு. உங்கள் தோழிக்குப் பொருந்திய மாடல் உங்களுக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான். நம் ஊர்க் கால்கள் பொதுவாக முன்பக்கம் அகலம். நாம் கடையில் கேட்கும் 5, 6, 7 எல்லாம் பிரிட்டிஷ் அளவு, ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் நீளத்தில். அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. அதில் வந்த முக்கியமான முடிவே நம் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களை விட அகலம் என்பதுதான். இந்தியாவுக்கென்று 'பா' (Bha) என்ற பெயரில் தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டிருக்கிறது. அகலம் போதவில்லை என்று ஒரு எண் பெரிதாக வாங்குகிறோம் இல்லையா, அப்போது ஷூவின் மடங்கும் இடமும் வளைவுத் தாங்கலும் நம் பாதத்தின் இடத்தை விட்டு முன்னால் தள்ளிப்போய்விடுகின்றன. வலிக்குப் பாதிக் காரணம் சில பேருக்கு இதுதான்.

அதனால் வாங்கப் போகும் முன் ஒரு வெள்ளைத்தாளில் நின்றுகொண்டு இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரையுங்கள். சாயங்காலம் வரையுங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் இன்சோல் மேல் வையுங்கள். தாள் எந்தப் பக்கமும் வெளியே பிதுங்கினால் அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. பெரிய பாதத்தின் அளவுக்கு வாங்குங்கள், மூடிய ஷூவானால் முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையில் கார்ப்பெட்டை விட்டு வெறும் தரைக்கு வந்து பத்து நிமிஷம் நடக்கக் கூச்சப்பட வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள் டைல்ஸ்மேல் நடந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். "போகப் போகச் சரியாகிடும்" என்று கடைக்காரர் சொன்னால், தோல் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். லாஸ்ட் மாறாது.

எதுவுமே பொருந்தவில்லையென்றால் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். சென்னையில் பெரியமேடு, எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்த அப்பரின் படத்தைக் காட்டுங்கள், அடியில் ஷேங்க் வைத்த மூன்று சென்டிமீட்டர் வெட்ஜ் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த நீலச் செருப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) ரப்பர் உணர்ச்சி இழந்த பாதங்களுக்கானது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வராமல் காக்கச் செய்த பெரிய வேலையின் வழியில் வந்த செருப்பு அது, இன்று சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேரின் கால்களைக் காப்பாற்றுகிறது. அழுத்தத்தைப் பரப்புவது அதன் வேலை. பாதவளைவைத் தாங்குவது அதன் வேலை இல்லை, பெரும்பாலும் தட்டையாகத்தான் வரும். ஆகவே அதை வெளியே போட வேண்டாம், வீட்டுக்குள் போடுங்கள்.

வீட்டுக்குள்ளா என்று கேட்பீர்கள். ஆமாம், இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நம் வீடுகள் சாணி மெழுகிய தரையிலிருந்து சிமென்டுக்கும், அப்புறம் மொசைக்குக்கும், இப்போது டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் வந்துவிட்டன, வெறுங்காலில் நடக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பள்ளியில் ஆறு மணி நேரம் நல்ல செருப்பு போட்டுவிட்டு, அதிகாலையிலும் இரவிலும் அடுப்படியில் வெறுங்காலில் நான்கு மணி நேரம் நின்றால் எந்தச் செருப்பும் உதவாது. வீட்டுக்கென்று சுத்தமாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்குக் கீழேயே இருக்கட்டும், முதல் அடி அதில்தான் விழ வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போடப் போகும்போதும் அதே. பூஜை அறைக்கு மட்டும் கழற்றுங்கள். கோயிலுக்குப் போவதைக் காலை எழுந்ததும் வைத்துக்கொள்ளாமல் கால் பழகின பிறகு சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில், இந்த வருஷம் வேண்டாம்.

செருப்பு சுமையைக் குறைக்கும், பட்டையைச் சரிசெய்ய உங்கள் காலே உழைக்க வேண்டும். காலையில் இறங்கும் முன் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்துத் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்புப் பக்கமாக, அதாவது கணுக்காலுக்கு மேலே இழுங்கள். பாதத்தின் அடியில் பட்டை கயிறு மாதிரி விறைப்பது இன்னொரு கைக்குத் தெரியும். பத்து நொடி, பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவதும் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்தது: ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருக்க நின்று, மூன்று நொடியில் எழும்பி, இரண்டு நொடி நின்று, மூன்று நொடியில் இறங்குங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. முதலில் இரண்டு காலில், பழகின பிறகு ஒற்றைக் காலில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பன்னிரண்டு தடவையாக மூன்று சுற்று. டென்மார்க்கில் 48 நோயாளிகளை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள், நீட்டுவதை மட்டும் செய்தவர்களை விட மூன்றாவது மாதத்தில் இவர்களுக்கு நல்ல முன்னேற்றம், ஒரு வருஷத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். என் விஷயத்தில் வலியை உண்மையிலேயே திருப்பியது இதுதான் என்று நினைக்கிறேன்.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை வைத்துக் குதிகாலை ஊன்றுவது எங்கள் வீட்டிலும் உண்டு. சூடு இதமாக இருக்கும், தசை தளரும், செய்யலாம். ஆனால் சர்க்கரை இருந்தால் கால் வெந்துபோவது கூடத் தெரியாது, தொடவே வேண்டாம், எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்து. ஐஸ் ஒத்துக்கொண்டால் ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள். இன்சோல் வாங்கினால் ரெடிமேடில் உறுதியான வளைவு உள்ளதாகப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்வதும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தருகின்றன. ஊசி போடலாம் என்று சொன்னால் யோசியுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயலாம், பட்டையே அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குவதும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

எப்போது கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்? படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தால், குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் துள்ளினால், மரத்துப்போதலோ எரிச்சலோ இருந்தால், சர்க்கரை இருந்தால், வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால். இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே காலையில் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால், முக்கியமாக இளவயதினருக்கு, அது முதுகெலும்பு வாத நோயின் அறிகுறியாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை, இருந்தாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் குறையும்.

கல்யாணத்துக்கு வருவோம். இப்போதே வாங்குங்கள், முந்தின வாரம் வேண்டாம். பழுப்புத் தங்க நிறத்தில், கற்கள் பதித்த வார், பின்வார், தோல் சுற்றிய தாழ் வெட்ஜ், இப்படித் தேடினால் கிடைக்கும். பட்டுச் சேலைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. வீட்டில் தினம் அரை மணி நேரம் இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். பீரோவில் ஏற்கெனவே ஒரு பழைய விசேஷச் செருப்பு இருக்கிறது, அதையே போடலாம் என்று நினைத்தால் முதலில் அடியை அழுத்திப் பாருங்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் போடாமல் பெட்டியிலேயே சில வருஷம் கிடந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். என் தங்கைக்கு மண்டப வாசலிலேயே சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, மறுவீடு வரை யாருடைய செருப்பிலோ நடந்தாள். அப்புறம், மண்டபத்தில் மேடைக்கும் பந்திக்கும் நடுவே வெறுங்காலில்தான் பாதி நாள் போகும், கிரானைட் தரை. மணமக்கள் அறையில் உட்கார ஒரு நாற்காலியையும், கைப்பையில் உங்கள் வீட்டுச் செருப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் விடியற்காலை என்றால் அந்தப் பத்து தடவை விரல் இழுப்பதைச் செய்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்குங்கள்.